மாமனாருக்குக் கொடுத்த பேதி மருந்து

ஒரு பாஷை அறவே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் கிடையாது. வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பான். நன்றாகத் தெரிந்தவனாலும் கெடுதல் இல்லை. நடுவில் ஒரு ரகம் இருக்கிறது பாருங்கள், பத்து வார்த்தை காதில் விழுந்தால் நாலைப் பிடித்துக்கொண்டு மீதி ஆறையும் தானே நிரப்பிக்கொள்ளும் ரகம், அதனால்தான் உலகத்தில் பாதி விபத்து நடக்கிறது. ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் அந்த ரகத்துக்கு நான்தான் தலைவன். என் இங்கிலீஷை நம்பி ஒரு பெரிய மனிதர் வெறும் வயிற்றில் ஒரு முழு பாட்டிலைக் குடித்தார். அவர் என் மாமனார். அப்போது இன்னும் மாமனார் ஆகவில்லை. ஆவாரா மாட்டாரா என்பதுதான் அன்றைக்குக் கேள்வியே.

நான் ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஹையர் பாஸ். (ஹையர் பாஸ் என்றால் அடுத்தவன் எழுதிய இங்கிலீஷை வேகமாக அடிக்கத் தெரியும் என்று அர்த்தம். அது புரிகிறதா என்று எந்தப் பரீட்சையிலும் யாரும் கேட்கவில்லை.) ஆலைக்கு பெல்ஜியத்திலிருந்து புது மெஷின்கள் வந்தன. அவற்றைப் பூட்டிக் கொடுக்க ஒரு என்ஜினியரும் கூடவே வந்தார். ஆள் ஆறடிக்கு மேல், வெயிலில் வெந்து சிவந்த முகம், குழந்தை மாதிரி சிரிப்பு. எல்லாரும் அவரை பெல்ஜியத் துரை என்றார்கள். மானேஜர் என்னை அவருக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போட்டுவிட்டார்.

நல்ல வேளையாக, துரைக்கும் இங்கிலீஷ் சொந்த பாஷை இல்லை. அவரும் தட்டுத் தடுமாறுவார், நானும் தடுமாறுவேன், மீதியைக் கையால் பேசிக்கொள்வோம். தமிழில் அவருக்கு ஒரே ஒரு வார்த்தை வரும். கூட நின்று மெஷின் பூட்டிய ஆலை பிட்டர்கள் சொல்லிக் கொடுத்தது: ‘ஏலே’. அதற்கு ‘நண்பரே’ என்று அர்த்தம் சொல்லியிருந்தார்கள். காலையில் மானேஜரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, “குட் மார்னிங், ஏலே” என்பார். மானேஜர் மெட்ராஸ்காரர். அது பெல்ஜிய மரியாதை என்று நினைத்து அவரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு நத்தத்தில் பெண் பார்த்தார்கள். பெயர் மரகதம். பத்தாவது வரை படித்தவள். காபி கொண்டு வந்து கொடுத்தபோது, நாமும் படித்தவன்தான் என்று காட்ட வேண்டாமா, “தேங்க்ஸ்” என்றேன். “மென்ஷன் நாட்” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் டைப்ரைட்டரோடு காலத்தை ஓட்டிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

பெண்ணின் அப்பா முத்தையா, மாந்தோப்புக்காரர். அவரிடம் மூன்று சிக்கல்கள். முதலாவது, தண்ணீர். திண்டுக்கல்லில் பெண்ணைக் கொடுத்தால் அவள் காலமெல்லாம் குடத்தோடு தெருவில் நிற்க வேண்டும் என்பது அவர் பயம். (பயம் நியாயமானதுதான். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு மோர் கொடுக்கத் தயங்க மாட்டார்கள், கால் கழுவத் தண்ணீர் கொடுக்கத்தான் யோசிப்பார்கள்.) இரண்டாவது, மதுவிலக்கு. மாகாணத்தில் மதுவிலக்கு வந்தது முதல் அவர் தாலுகா மதுவிலக்குக் கமிட்டியில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டாரை வாசனை பிடித்துத்தான் தேர்ந்தெடுப்பார். மூத்த மகளுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தத்தை, மாப்பிள்ளையின் சித்தப்பா அளவுக்கு மீறிப் பழுத்த பலாப்பழத்தைத் தின்றுவிட்டு வந்தார் என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிவிட்டவர். மூன்றாவது, மலச்சிக்கல். அவருடைய கோபம் அத்தனைக்கும் அதுதான் மூலம் என்று நத்தத்தில் பேச்சு. கடுக்காய், நிலாவாரை, விளக்கெண்ணெய், பேதி உப்பு, அவர் நாக்கு பார்க்காத பேதி மருந்து அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

எங்கள் வீட்டைப் பார்த்து முடிவு சொல்ல ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை துரை என்னைக் கூப்பிட்டார். வேலை முடிந்துவிட்டது, திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். பெட்டியிலிருந்து கறுப்புக் கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து, பிள்ளையை ஒப்படைப்பது போல என் கையில் வைத்தார். என் கண்ணைப் பார்த்து, கனிவாகச் சொன்னார்:

“பேல், ஏல்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. (அந்தச் சொல் அச்சில் ஏறக் கூசும் சொல்தான். என்ன செய்ய, இந்தக் கதையே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.) ‘ஏலே’யைச் சொல்லிக் கொடுத்த அதே பிட்டர்கள்தான் இதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கிளம்புகிற நேரத்தில் இந்த மனுஷன் என்னைக் கொல்லைப்பக்கம் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரோ பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் பாஷையில் என்னென்னவோ எழுதி, நடுவில் மட்டும் இங்கிலீஷில் அதே இரண்டு வார்த்தைகள் இருந்தன. மேலே, நீண்ட தாடியோடு கையில் கிண்ணம் ஏந்திய ஒரு சாமியாரின் படம்.

துரை விளக்கினார். அவருடைய தம்பி துறவியாம். அங்கே மடத்தில் துறவிகளே சேர்ந்து காய்ச்சுவதாம். பழைய காலத்துப் பக்குவமாம். சொல்லிவிட்டுத் தம் வயிற்றைத் தட்டிக்கொண்டு, இங்கே ரொம்ப நல்லது என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடைபெற்றுக்கொள்ள வீட்டுக்கு வருவேன், குடித்துப் பார்த்து உண்மையான அபிப்பிராயம் சொல்ல வேண்டும், தம்பிக்கு அதைச் சொல்வேன் என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சாமியார் காய்ச்சுகிறார், வயிற்றுக்கு நல்லது, பெயரோ இப்படி. இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன விளக்கம் வேண்டும்? இருந்தாலும் படித்தவன் இல்லையா, வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். ‘பேல்’ என்றால் வெளிறிப்போன. பேதியானவன் முகம் வெளிறும், பொருத்தம்தான். ‘ஏல்’ என்பதை ‘ஏ’ ‘ஐ’ ‘எல்’லில் தேடினேன். நோயுறுதல் என்று இருந்தது. மடத்துக்காரர்களுக்கு ஸ்பெல்லிங் வராது என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் சரியான ஸ்பெல்லிங்கே கிடைத்திருக்கும். புரட்டவில்லை.

பூட்டுக்கடை வைத்திருந்த என் அப்பாவும், அம்மாவும் ஆயுளில் பீர் பாட்டிலைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. சாமியார் படத்தைப் பார்த்ததும் அம்மா பாட்டிலைச் சாமி மாடத்தில் பழனி முருகன் பக்கத்தில் வைத்து, தாடிக்காரரின் நெற்றியில் திருநீறு பூசி, கழுத்தில் நிலக்கோட்டை மல்லிகையை ஒரு முழம் சுற்றிவிட்டாள். நான் குடிக்கவில்லை. பெண் வீட்டார் வருகிற நேரத்தில் பேதி மருந்து சாப்பிட எனக்கென்ன பைத்தியமா? துரையிடம் என்ன அபிப்பிராயம் சொல்வது என்ற கவலை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முத்தையா மாமா பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். அம்மா விடிகாலையிலிருந்து தெருவெல்லாம் கெஞ்சிக் கடன் வாங்கி, அண்டா, குண்டான், தவலை, பக்கத்து வீட்டுக்காரர்களின் குடங்கள் என்று அத்தனையிலும் தண்ணீரை நிரப்பி, மாமா கண்ணில் படும்படி முற்றத்தில் வரிசையாக வைத்திருந்தாள். மாமா அதைப் பார்த்தார். எங்கள் அப்பாவின் பக்கம் போய் லேசாக மூச்சை இழுத்தார். என் பக்கம் வந்தும் இழுத்தார். பிறகு உட்கார்ந்து, வைத்த பலகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வயிறு கல்லு மாதிரி கிடக்கு, ஒண்ணும் இறங்காது என்றார். அப்படியே பார்வையை ஓட்டியவர் கண் மாடத்தில் போய் நின்றது.

“அதாரு தம்பி, தாடி வச்ச சாமி?”

சொன்னேன். பெல்ஜியம் மடம், துறவிகள் பக்குவம், மருந்தின் பெயர் எல்லாம் சொன்னேன். பெயரைக் கேட்டதும் மாமாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. நம் ஆட்கள் மருந்துக்கு எதை எதையோ பெயர் வைக்கிறார்கள், வெள்ளைக்காரன்தான் உள்ளதை உள்ளபடி வைத்திருக்கிறான் என்று பாராட்டினார். உடனே எடுக்கச் சொன்னார். அம்மா எனக்குக் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினாள். அவள் கவலை அவளுக்கு. மருந்து வேலை செய்தால் காட்சிக்கு வைத்த தண்ணீர் அத்தனையும் கொல்லைக்குப் போய்விடும்.

பாட்டிலைத் திறப்பது பெரிய பாடாகிவிட்டது. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற என் அப்பா, சாவிக்கொத்தில் இருந்த எல்லாச் சாவியாலும் நெம்பிப் பார்த்தார். கடைசியில் கதவின் நாதாங்கியில் வைத்து ஓர் இழு இழுத்தார். சைக்கிள் கேரியரில் குலுங்கி வந்து, மாடத்து விளக்குச் சூட்டில் இரண்டு நாள் இருந்த சரக்கு அது. மூடி போய் எங்கோ விழுந்தது. நுரை பீறிட்டு அப்பாவின் சலவைச் சட்டையை நனைத்தது. “வீரியமான மருந்துதான்” என்றார் மாமா திருப்தியாக.

மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொன்னதற்கு, மூக்கைப் பிடித்துக் குடிப்பவன் மருந்தை அவமதிக்கிறான் என்று சொல்லிவிட்டார். டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு முகர்ந்தார். ஆனால் அவர் மூக்குக்குப் பழக்கம் கள்ளும் சாராயமும்தான். இது வேறு மாதிரி, பழமும் மசாலாவும் கலந்தது போல மணத்தது. ஒரு வாய் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விழுங்கினார். நாங்கள் மூவரும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

“நெறம் தேன் நெறம். செத்த கலங்கல், வடிகட்டல போல. வாயில வச்சதும் ஒரு கசப்பு, கடுக்காக் கசப்பில்ல, வேப்பம்பூக் கசப்பு. அது நிக்காம ஓடிருது. பின்னாடியே லேசா இனிப்பு, கருக வறுத்த தானியம் மாதிரி. கொத்தமல்லி வெதை போட்டிருக்கான். கமலா ஆரஞ்சுத் தோலும் சேத்திருக்கான். தொண்டையில எறங்கையில சுக்குத் தின்ன மாதிரி கணகணப்பு.” இன்னொரு வாய் குடித்தார். “நாப்பது வருசமா மருந்து குடிக்கிறேன் தம்பி. இம்புட்டு மரியாதையான பேதி மருந்தை நான் கண்டதில்ல.”

ஒவ்வொரு வார்த்தையையும் மனதுக்குள் வாங்கி வைத்துக்கொண்டேன். துரைக்குச் சொல்ல அபிப்பிராயம் கிடைத்துவிட்டதே.

மரியாதையான மருந்து என்பதால் மிச்சம் வைக்கக்கூடாது என்று பாட்டிலைக் காலி செய்தார். வெறும் வயிறு. சித்திரை வெயில். பிறகு எல்லாரும் உட்கார்ந்து மருந்து வேலை செய்வதற்காகக் காத்திருந்தோம். மாமா எழுந்து கொல்லைக்குப் போனார். அம்மா குடங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். உடனே திரும்பி வந்தார். செத்த நேரத்தில் மறுபடியும் போனார். மறுபடியும் உடனே வந்தார். அப்பா மெதுவாக விசாரித்ததற்கு, மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா வழி மாறிப் போயிருச்சு, அம்புட்டும் நீராவே போகுது என்றார்.

அதற்கப்புறம் அவர் முகம் சிவந்தது. சிரிக்க ஆரம்பித்தார். நத்தத்தில் அவர் பற்களைப் பார்த்தவர்கள் குறைவு என்று கல்யாணத் தரகர் சொல்லியிருந்தார், நாங்கள் எல்லாப் பல்லையும் பார்த்தோம். பிறகு கண் சொருகியது. பேதிக்குச் சாப்பிட்டவர்கள் பகலில் தூங்கக்கூடாது, தூங்கினால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா பதறிப்போய் அவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். அப்பா அவரைத் தூங்கவிடாமல் பூட்டுகளின் வகைகளைப் பற்றிப் பேசினார். (பூட்டைப் பற்றிக் கேட்டு யாரும் விழித்திருந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.) வேறு வழியில்லாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்து உலுக்கினேன். மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். காலையிலிருந்து தம்பி, தம்பி என்றவர் சொன்னார்:

“மாப்ள. உண்மையச் சொல்லவா? எம்மக ஒங்களைத்தான் கட்டிக்குவேன்னு அவ ஆத்தாகிட்டச் சொல்லிப்புட்டா. நாந்தேன் தண்ணிக்காக யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன். இங்க என்னடான்னா கொளமே வச்சிருக்கீங்க.”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மென்ஷன் நாட் சொன்னவள் என்னைக் கேட்டிருக்கிறாள்! அந்த நிமிஷம் நான் அடைந்த சந்தோஷத்தை இன்றுவரை வேறு எதிலும் அடையவில்லை. வாசலில் ஜட்கா வந்து நிற்கிற சத்தம் கேட்டபோதுதான் எனக்குத் துரை ஞாபகமே வந்தது.

உள்ளே நுழைந்ததும் எல்லாருக்கும் பொதுவாக “ஏலே” என்று கும்பிட்டார். திருநீறும் மல்லிகைப்பூவுமாக நின்ற காலி பாட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் நாட்டில்கூட இதற்கு இப்படி மரியாதை செய்ததில்லை என்று கைக்குட்டையை எடுத்தார். எப்படி இருந்தது, யார் குடித்தது என்று கேட்டார். நான் மாமாவைக் காட்டி, அவருடைய அபிப்பிராயத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒன்று விடாமல் சொன்னேன். தேன் நிறம், ஓடிப்போகிற கசப்பு, வறுத்த தானியம் வரை தலையாட்டிக்கொண்டே வந்தவர், கொத்தமல்லி, ஆரஞ்சுத் தோல் என்றதும் துள்ளிக் குதித்துவிட்டார். அது மடத்துக்காரர்கள் வெளியே சொல்லாத பக்குவமாம். ஓடிப்போய் மாமாவைக் கட்டிக்கொண்டு, தோளில் அடித்து, உரத்த குரலில் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் வீடு முழுக்கத் தெளிவாக விழுந்தது.

“பீர்! பீர்! கிரேட் மேன்!”

இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் அந்த வார்த்தை தெரியும். மதுவிலக்குக் கமிட்டிக்காரருக்கு நன்றாகவே தெரியும். அப்பாவின் கை நனைந்த சட்டையில் அப்படியே நின்றது. பாட்டில், சாமியார், அகராதியில் நான் புரட்டாத பக்கம் எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. பலாப்பழத்துக்கே சம்பந்தத்தை முறித்தவர். மரகதம் போயே போய்விட்டாள் என்று நினைத்தேன்.

மாமா துரையின் பிடியிலிருந்து மெல்ல விலகி என்னைப் பார்த்தார்.

“என்ன சொல்றாரு? பீரா?”

“பீர்...” என்றேன். “பீர்க்கு, மாமா. பேய்ப்பீர்க்கு. பேய்ப்பீர்க்கங்காய் வேரும் சேர்ந்திருக்காம். நீங்க அதை மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களாம்.”

எங்கிருந்து வந்ததோ தெரியாது. பேய்ப்பீர்க்கு எங்கள் பக்கத்தில் வேலியில் காய்ப்பது, கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. நாட்டு வைத்தியர்கள் பேதிக்குக் கொடுப்பது. மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. துரை வேறு பக்கத்தில் நின்று விடாமல் பீர், பீர் என்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் “க்கு”, “க்கு” என்று சேர்த்துக்கொண்டிருந்தேன்.

“அதான பாத்தேன்,” என்றார் மாமா கடைசியில். “அந்த அடிக்கசப்பு என்னன்னு பிடிபடாம இருந்துச்சு.”

பிறகு அப்பா பக்கம் திரும்பி, “சம்பந்தி, வைகாசியில வச்சுக்குவோம்” என்றார். மருந்து மறுநாள் காலையில் நத்தத்தில் முறைப்படி வேலை செய்ததாகவும் தகவல் வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் இந்த ரகசியத்தை மரகதத்திடம்கூட மூச்சு விடவில்லை. மாமா மதுவிலக்குக் கூட்டங்களில் முன்னைவிட ஆவேசமாகப் பேசினார். கள், சாராயம், பிராந்தி, விஸ்கி என்று வரிசையாக எடுத்துத் திட்டுவார். பீரை மட்டும் விட்டுவிடுவார். பாவம், வயசாகிறது, மறதி என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் மகள் செல்வி கான்வென்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வருஷம், ஆலைக்கு மறுபடியும் மெஷின் வந்தது. துரையும் வந்தார். தலை நரைத்திருந்தது, ‘ஏலே’ மட்டும் அப்படியே இருந்தது. என் மாமாவுக்கென்று தனியாக ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை ஏற்றுமதிக்கென்று காகிதம் முழுவதையும் இங்கிலீஷில் அச்சடித்திருந்தார்கள். அன்றைக்கு மாமா வீட்டில்தான் இருந்தார். நான் பாட்டிலை ஒளிப்பதற்குள் செல்வி பிடுங்கி வைத்துக்கொண்டு, விரல் வைத்துக் கூட்டிப் படித்து, “தாத்தா, பீர்னு போட்டிருக்கு” என்று கத்திவிட்டாள்.

எனக்கு அன்றைக்கு வேர்த்த மாதிரியே வேர்த்தது. மாமா பதறவில்லை. டம்ளரை எடுத்துத் துடைத்துக்கொண்டே, “நீ படிக்காத ஆத்தா. ஒங்கப்பா படிக்கட்டும். அவரு படிச்சாத்தேன் எனக்கு ஒத்துக்கிரும்” என்றார்.

நான் பாட்டிலை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “பேய்ப்பீர்க்கு, மாமா” என்று வாசித்தேன்.

“ஊத்துங்க” என்றார்.

அவர் ஊருக்குக் கிளம்பிப் போனதும் மரகதத்தைக் கேட்டேன், உங்கப்பாவுக்கு எப்போது தெரியும் என்று. அன்றைக்கே தெரியும் என்றாள் சாதாரணமாக. அவளுக்கும் அன்று சாயங்காலமே தெரியுமாம். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் அவள் அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

“‘பொய் சொல்லத் தெரியாத பய. நம்ம புள்ளைக்காக வேர்க்க விறுவிறுக்க ஒரு பொய் சொன்னான். கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துரலாம்’னாரு.”

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் ரகசியத்தைக் காப்பாற்றி வந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. இன்றைக்கும் நான் எங்காவது போய்விட்டு நேரம் கழித்து வந்து, பஸ் கிடைக்கவில்லை, பஞ்சர் ஆகிவிட்டது என்று ஏதாவது ஆரம்பித்தால், மரகதம் நெற்றியைத்தான் பார்ப்பாள். வேர்த்திருந்தால் துண்டை எடுத்து நீட்டி, “பேய்ப்பீர்க்கா?” என்பாள். “தேங்க்ஸ்” என்று வாங்கித் துடைத்துக்கொள்வேன். மென்ஷன் நாட் என்று சொல்லிவிட்டுத்தான் சோறு போட உள்ளே போவாள்.